கரும்புப் பணம் வருவதற்கு முன்னும் பின்னும்

என்னிடம் முன்பு படித்த பெண் ஒருத்தி இப்போது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியலும் படிக்கிறாள். சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து வந்து நின்றுதான் போன் பேச முடியும் என்பதால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள். சென்ற வாரம் இரண்டு விஷயம் கேட்டாள்.

"அக்கா, ஃபேக்டோரியல் டிசைன், கோரிலேஷன் ரெண்டையும் மனப்பாடம் பண்ணிட்டேன். பரிட்சையில எழுதிடுவேன். ஆனா இதெல்லாம் எதுக்குன்னு எனக்குப் புரியவே இல்ல."

இன்னொன்று பாடத்தைப் பற்றியது இல்லை. ஆசிரியர் அறையில் ஒருவர் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கீழே போளூர், செங்கம் பக்கத்துப் பள்ளிகளோடு ஒப்பிட்டுக் காட்டி, "மலைப் பசங்களுக்கு மண்டையில ஏறாது, நாம என்ன பண்ணாலும் இவ்வளவுதான்" என்றாராம். "அவர் கையில நம்பர் இருக்கு அக்கா. எனக்கு உள்ள கொதிக்குது, ஆனா என்ன பதில் சொல்றதுன்னு தெரியல" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான். முதலாவது விளங்கிவிட்டால் இரண்டாவதற்கான பதில் தானே கைக்கு வந்துவிடும். போனில் சொல்லித் தீராது என்பதால் எழுதுகிறேன். இந்தப் பாடத்தோடு மல்லுக்கட்டுகிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

அந்த ஆசிரியர் கையில் இருப்பது ஒரு கோரிலேஷன். பள்ளிப் பாடநூலில் ஒட்டுறவு என்று வரும். ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒன்று கூடும்போது மற்றது கூடுகிறதா, குறைகிறதா, இல்லை சம்பந்தமே இல்லாமல் போகிறதா என்று பார்ப்பது. பதில் −1 முதல் +1 வரைக்குள் ஓர் எண்ணாக வரும். உதாரணத்துக்கு மலை ஊர்களையெல்லாம் எடுத்து, தார்ச்சாலையிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், அந்த ஊர்ப் பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் என்ன என்று கணக்குப் போட்டு −0.6 வந்தது என்று வைத்துக்கொள்வோம். தூரம் கூடக் கூட மதிப்பெண் குறைகிறது என்று அர்த்தம். 0.6-ஐ வர்க்கப்படுத்தினால் 0.36. அதாவது ஊருக்கு ஊர் மதிப்பெண்ணில் இருக்கும் ஏற்ற இறக்கத்தில் நூற்றுக்கு 36 பங்கு தூரத்தோடு சேர்ந்து நகர்கிறது, மீதி 64 பங்குக்கும் தூரத்துக்கும் தொடர்பில்லை. இந்த 64-ஐ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சரி, அந்த 36 பங்காவது தூரத்தால் வந்ததா? அதையும் இந்த எண் சொல்லாது. தூரத்து ஊர்களில் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கலாம். அப்பா அம்மா கேரளாவுக்கோ குடகுக் காப்பித் தோட்டத்துக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய், பிள்ளை பாட்டியிடம் வளரலாம். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாக இருக்கலாம். காலையில் நடந்து வந்த களைப்போடு பரிட்சை எழுதலாம். இத்தனையும் தூரத்தோடு கூடவே வருகின்றன. இன்னொன்றும் உண்டு. ஊர்ச் சராசரிகளுக்கு இடையே கிடைக்கிற தொடர்பை எடுத்து ஒரு தனிப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது. அந்த ஊரின் சராசரி குறைவு என்பதால் அந்த ஊர்ப் பிள்ளைகளில் யாருக்கும் படிப்பு வராது என்று ஆகிவிடாது. "மண்டையில ஏறாது" என்பது இந்த இரண்டு தவறையும் ஒரே மூச்சில் செய்கிற வாக்கியம்.

இந்தத் தவறுக்குப் பெரிய வரலாறு இருக்கிறது, அதில் நம் மலையும் இருக்கிறது. கோரிலேஷன் என்ற கருத்தை 1888-இல் முன்வைத்தவர் பிரான்சிஸ் கால்ட்டன். அதைக் கணக்காக வடித்துக் கொடுத்தவர் கார்ல் பியர்சன். அறிவும் திறமையும் பரம்பரையில் வருவது, நல்ல வம்சத்தைப் பெருக்க வேண்டும் என்று ஒரு கொள்கையைக் கிளப்பி அதற்குப் பெயரும் வைத்தவர் இதே கால்ட்டன்தான். அதே காலத்தில் இங்கே ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி மக்களின் மூக்கை அளந்து, மூக்கின் அகலத்துக்கும் சமூகத் தகுதிக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மாகாணம் முழுவதும் அளவுகோலோடு அலைந்தார். ரங்காச்சாரி என்பவரோடு சேர்ந்து 1909-இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில், ஜவ்வாது, சேர்வராயன், கல்வராயன் மலைகளில் வாழ்கிற மலையாளிப் பழங்குடிகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. தொடர்பு இருப்பதைக் கண்டதும் "அவர்கள் பிறப்பே அப்படி" என்று முடிவுகட்டும் பழக்கம் அந்தக் காலத்திலிருந்தே நம்மோடு வருகிறது. இன்று அளவுகோலுக்குப் பதில் மதிப்பெண் பட்டியல் வந்திருக்கிறது.

இனி நான் சொல்லப் போகிற ஆய்வு வெளிநாட்டில் நடந்தது அல்ல. மலையிலிருந்து இறங்கினால் வருகிற சமவெளியில் நடந்தது.

2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் சாவ் ஆகிய நான்கு பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏழ்மையும் சிந்திக்கும் திறனும்தான் பொருள். ஏழைகளுக்குச் சோதனைகளில் மதிப்பெண் குறைவாக வருவது ஒரு கோரிலேஷன், அது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கேட்டது இதுதான்: ஏழை என்பவர் குறைவாக யோசிக்கிறாரா, இல்லை ஏழ்மை என்ற நிலைமை யார் தலையில் உட்கார்ந்தாலும் யோசனையைத் தின்றுவிடுகிறதா?

இதைச் சோதிக்க ஒரே மனிதரை ஏழையாகவும் பணக்காரராகவும் பார்க்க வேண்டும். அது எப்படி முடியும்? கரும்பு விவசாயியிடம் முடியும். கரும்பு கிட்டத்தட்ட ஒரு வருஷப் பயிர். பணம் மொத்தமாக வெட்டுக்குப் பிறகுதான் வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கையில் ஒன்றும் இருக்காது. நகை அடகுக்கடையில் இருக்கும், கைமாற்று வாங்கியிருப்பார், வட்டி ஓடிக்கொண்டிருக்கும். பணம் வந்ததும் எல்லாம் மீண்டுவிடும். திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் 54 ஊர்களில் 464 சிறு கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன்னும் பின்னும் சந்தித்தார்கள். வெட்டுக்கு முன் 100-க்கு 78 பேர் பொருளை அடகு வைத்திருந்தார்கள், பின்னால் 4 பேர். வெட்டுக்கு முன் 100-க்கு 99 பேருக்குக் கடன், பின்னால் 13 பேருக்கு. இந்த எண்களைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தவர்கள் எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள்தான். கரும்பை வெட்டச் சொல்லும் கட்டிங் ஆர்டர் எப்போது வரும் என்று ஆலை ஃபீல்டுமேனைத் தேடிக்கொண்டு அலைகிற மனிதரும், பணம் கைக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மனிதரும் ஒரே ஆள்தான் என்று சொன்னால் வெளியூர்க்காரர் நம்ப மாட்டார்.

அந்தக் கட்டிங் ஆர்டர்தான் இந்த ஆய்வின் உயிர்நாடி. ஆலையால் எல்லாக் கரும்பையும் ஒரே நாளில் அரைக்க முடியாது. அதனால் வெட்டு பல மாதங்களுக்குப் பரந்து நடக்கும். ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், பக்கத்துக் கொல்லைக்காரர் இன்னும் காத்திருப்பார். ஆகவே வெயில், மழை, பண்டிகைச் செலவு இவற்றால் வந்த மாற்றத்தையும் பணத்தால் வந்த மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. விவசாயிக்குத் தலைவலியாக இருக்கிற ஒரு ஏற்பாடு ஆய்வாளருக்கு வரமாக அமைந்தது.

எழுத்தறிவு தேவைப்படாத சோதனைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். ரேவன் சோதனையில் படங்கள் வரிசையாக இருக்கும், ஓரிடம் காலியாக இருக்கும், அங்கே எது பொருந்தும் என்று சொல்ல வேண்டும். இன்னொன்று ஸ்ட்ரூப் சோதனை, அதை எண்களால் செய்தார்கள். '5 5 5' என்று காட்டினால் வாய் ஐந்து என்று சொல்ல ஓடும், ஆனால் எத்தனை இலக்கம் இருக்கிறது என்று எண்ணி மூன்று என்று சொல்ல வேண்டும். மனதை அடக்கிப் பிடிக்கிற திறனை அது அளக்கும். ரேவன் சோதனையில் சராசரி சரியான விடைகள் வெட்டுக்கு முன் 4.35, பின்னால் 5.45. ஸ்ட்ரூப் சோதனையை முடிக்க முன்பு 146 நொடி எடுத்தவர்கள் பின்னால் 131 நொடியில் முடித்தார்கள். அதே ஆட்கள், அதே மூளை, சில மாத இடைவெளி.

இந்த மாதிரி ஒரே ஆளை அவரோடே ஒப்பிடுவதன் அருமையை உணர ஜவ்வாது மலையின் மறுபக்கத்தில், ஆலங்காயம் அருகே காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தை நினைத்துக்கொள்ளலாம். பரிசோதனை உளவியலின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று அதுபோன்ற ஒரு வானாய்வகத்தில்தான் விழுந்தது. 1796-இல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத் தலைவர் நெவில் மாஸ்கலின் தன் உதவியாளர் கின்னிபுரூக்கை வேலையைவிட்டு நீக்கினார். ஒரு விண்மீன் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பதில் இருவருக்கும் 0.8 நொடி வித்தியாசம் வந்தது, அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டார். பிற்பாடு பெசல் என்ற ஜெர்மானிய வானியலாளர், ஒவ்வொரு மனிதரின் கண்ணுக்கும் காதுக்கும் அவரவருக்கென்று ஒரு தாமதம் இருக்கிறது, அது யாருடைய குற்றமும் இல்லை என்று காட்டினார். கின்னிபுரூக் இழந்த வேலை இழந்ததுதான். ஆளுக்கு ஆள் இருக்கும் இந்த இயல்பான வேறுபாடு இரண்டு கூட்டத்தை ஒப்பிடும்போது குறுக்கே வந்து குழப்பும். ஒரே விவசாயியை முன்னும் பின்னும் பார்த்தால் அது தானாகக் கழிந்துவிடும். மலைப் பிள்ளையையும் போளூர்ப் பிள்ளையையும் ஒப்பிடுகிறவருக்கு இந்த வசதி கிடையாது.

கரும்பு ஆய்விலும் ஓட்டைகள் இருக்க முடியும். இரண்டாவது முறை செய்யும்போது பழக்கத்தால் நன்றாகச் செய்திருக்கலாமே? அதற்காகச் சில விவசாயிகளை முதல் சுற்றில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, வெட்டுக்குப் பிறகுதான் முதன்முதலாகச் சோதித்தார்கள். சாப்பாடு, உடலுழைப்பு, மன அழுத்தம் இவற்றால் வந்ததா என்றும் பார்த்தார்கள். அழுத்தம் உண்மையில் குறைந்திருந்தது, ஆனால் அதைக் கழித்துப் பார்த்தாலும் விளைவு மிஞ்சி நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை 1966-இன்படி கரும்பு ஒப்படைத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தமிழ்நாட்டில் நிலுவைத்தொகைக்காக விவசாயிகள் வருஷக்கணக்கில் போராடியது எல்லோருக்கும் தெரியும். இந்த ஆய்வைப் படித்த பிறகு நிலுவை என்பது வெறும் ரூபாய்க் கணக்காக எனக்குத் தெரியவில்லை. பணத்தோடு சேர்த்து அந்த மனிதரின் யோசிக்கிற சக்தியையும் ஆலை பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது ஃபேக்டோரியல் டிசைனுக்கு வருகிறேன். கரும்பு ஆய்வு வந்த அதே கட்டுரையின் முதல் பாதியில் அது இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஒரு ஷாப்பிங் மாலில் 101 பேரிடம் செய்த பரிசோதனை. வந்தவர்களிடம், உங்கள் கார் பழுதாகிவிட்டது, சரிசெய்ய இவ்வளவு ஆகும், என்ன செய்வீர்கள் என்று யோசிக்கச் சொன்னார்கள். பாதிப் பேருக்கு 150 டாலர், மீதிப் பேருக்கு 1500 டாலர். அதை மனதில் வைத்துக்கொண்டே ரேவன் சோதனை போன்றவற்றைச் செய்ய வேண்டும். பிறகு வருமானத்தை வைத்து வசதியானவர்கள், வசதி குறைந்தவர்கள் என்று பிரித்தார்கள்.

ஆக, காரணிகள் இரண்டு. வருமானம் ஒன்று, செலவின் பாரம் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு நிலை. பெருக்கினால் நான்கு கட்டம். இதைத்தான் புத்தகத்தில் 2×2 என்று போடுகிறார்கள். எத்தனை எண் இருக்கிறதோ அத்தனை காரணி, பெருக்கி வருவது கட்டங்களின் எண்ணிக்கை. 2×3 என்றால் காரணி இரண்டு, கட்டம் ஆறு. அவ்வளவுதான், இதில் பயப்பட ஒன்றுமில்லை.

கிடைத்த முடிவின் வடிவத்தைப் புரிந்துகொள்ள நானே எண்களைப் போட்டுக் காட்டுகிறேன். இவை அவர்களுடைய எண்கள் அல்ல, விளக்கத்துக்காக மட்டும். சின்னச் செலவைக் கேட்ட வசதியானவர்கள் 60 மதிப்பெண், பெரிய செலவைக் கேட்ட வசதியானவர்கள் 59. சின்னச் செலவைக் கேட்ட வசதி குறைந்தவர்கள் 60. பெரிய செலவைக் கேட்ட வசதி குறைந்தவர்கள் 45.

முதலில் சராசரி போடுங்கள். வசதியானவர்கள் 59.5, வசதி குறைந்தவர்கள் 52.5. ஏழு மதிப்பெண் வித்தியாசம். இதற்கு முதன்மை விளைவு என்று பெயர். இதை மட்டும் பார்த்தால் "ஏழைகளுக்கு அறிவு ஏழு மதிப்பெண் மட்டு" என்று எழுதிவிடலாம். நான்கு கட்டங்களையும் தனித்தனியே பாருங்கள். பாரம் இல்லாதபோது இருவருக்கும் ஒரே 60. வித்தியாசம் முழுக்க ஒரே ஒரு கட்டத்தில், பணக்கவலையைக் கிளறிவிட்ட கட்டத்தில், இருக்கிறது. ஒரு காரணியின் விளைவு மற்றக் காரணியின் நிலையைப் பொறுத்து மாறுகிறது. இதைத்தான் இடைவினை என்கிறோம். வரைபடம் போட்டால் இரண்டு கோடுகள் இணையாக ஓடாமல் ஒரு பக்கம் விரிந்துபோகும்.

ஆசிரியர் அறையில் ஒருவர் காட்டிய பட்டியல் என்ன? மலைக்கும் சமவெளிக்கும் இடையே ஒரு சராசரி வித்தியாசம். 59.5-க்கும் 52.5-க்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. அதற்குள்ளே எத்தனை கட்டங்கள் ஒளிந்திருக்கின்றன என்று யாரும் பார்க்கவில்லை. பெற்றோர் கூட இருக்கிற மலைப் பிள்ளையும் சமவெளிப் பிள்ளையும் ஒரே மதிப்பெண்தான் எடுக்கிறார்களோ என்னவோ. அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் உன் பாடத்தின் பயன், தங்கச்சி. நீ கேட்ட முதல் கேள்விக்கு இதுதான் என் பதில்.

இந்த முறை பிறந்ததே வயலில்தான். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர் 1926-இல் எழுதிய கட்டுரையில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் இயற்கையிடம் கேட்க வேண்டும் என்ற பழைய நம்பிக்கையை மறுத்தார். தழைச்சத்துக்கு ஒரு சோதனை, சாம்பல் சத்துக்கு வேறொரு சோதனை என்று தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை. இரண்டையும் கலந்து, இரண்டும் இட்ட பாத்தி, ஒன்று மட்டும் இட்ட பாத்திகள், எதுவுமே இடாத பாத்தி என்று அமைத்தால் ஒவ்வொரு பாத்தியும் இரண்டு கேள்விக்கும் பதில் தருகிறது. கூடவே, இரண்டும் சேர்ந்தால்தான் விளைச்சல் எகிறுமா என்ற மூன்றாவது கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. தனித்தனியாகச் செய்தால் அந்த மூன்றாவது ஒருபோதும் கண்ணில் படாது. சாமைக் கொல்லைக்கு எரு அடித்துவிட்டு மழைக்காகக் காத்திருக்கிற ஜவ்வாது மலை விவசாயிக்கு இதை விளக்கவே தேவையில்லை. மழை வராவிட்டால் எரு போட்டும் பிரயோசனம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

மால் ஆய்வு கரும்பு ஆய்வைப் போல உறுதியானது அல்ல என்பது என் கருத்து. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், தேர்வில் இதையும் எழுதலாம்.

1500 டாலரா 150 டாலரா என்பதை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். வருமானத்தை அப்படி ஒதுக்க முடியாது. அது அந்த மனிதர் வீட்டிலிருந்து கூடவே கொண்டுவந்தது. ஆகவே நான்கு கட்டமும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், ஒரு காரணி பரிசோதனை, மற்றது வெறும் ஒட்டுறவுதான். வருமானத்தோடு கல்வி, வயது, தூக்கம் என்று எது எது ஒட்டிக்கொண்டு வந்ததோ யார் கண்டார்கள்? அடுத்தது, வருமானம் தொடர்ச்சியாகப் போகிற ஓர் அளவு. நடுவில் ஒரு கோடு கிழித்து இந்தப் பக்கம் வசதி, அந்தப் பக்கம் வசதிக்குறைவு என்று பிரித்தால், கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் இருப்பவர்கள் வெவ்வேறு சாதியாகிவிடுகிறார்கள், நிறையத் தகவல் வீணாகிறது. அதே ஆண்டு டிசம்பரில் விஷெர்ட்ஸ், ஸ்கோல்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அதே இதழில் இதைத்தான் எழுதினார்கள். வருமானத்தை வெட்டாமல் உள்ளபடியே எடுத்துக் கணக்குப் போட்டால் முக்கியமான பரிசோதனைகளில் அந்த இடைவினை உறுதியாக நிற்கவில்லை என்றார்கள். மூல ஆசிரியர்கள் பரிசோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் நிற்கிறது என்று பதில் கொடுத்தார்கள். 2016-இல் அமெரிக்காவில் கார்வால்ஹோ, மையர், வாங் ஆகியோர் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைகளைச் சோதித்தபோது சிந்தனைத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் எல்லாம் பொய்யா? நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிற சம்பளமும் ஒரு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு மொத்தமாக வருகிற கரும்புப் பணமும் ஒரே விஷயம் அல்ல. அடகுக்கடைக்குப் போன தாலிக்கொடி திரும்பி வருவது சம்பளத் தேதி மாதிரி ஒரு நிகழ்வு அல்ல. பணக்கவலை எப்போது, எவ்வளவு ஆழமாக இருந்தால் சிந்தனையைத் தின்கிறது என்பதே ஒரு இடைவினைக் கேள்விதான். அது இன்னும் திறந்தே இருக்கிறது.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் இரண்டு காரணிகளுமே குலுக்கலில் ஒதுக்கப்பட்டவை. குறைந்த வருமானம் உள்ளவர்களின் தூக்கத்தைப் பற்றியது. 2021-இல் வெளிவந்தது, ஃபிராங்க் ஷில்பாக்கும் மற்றவர்களும் செய்தது. தரவு உள்ளிடும் வேலை கொடுத்து ஆட்களைச் சேர்த்து, கையில் கட்டுகிற கருவியால் தூக்கத்தை அளந்தார்கள். இரவில் 8 மணி நேரம் படுக்கையில் கிடந்தும் சராசரியாக 5.5 மணி நேரம்தான் தூங்கியிருந்தார்கள். கொசு, புழுக்கம், சத்தம், இடநெருக்கடி. சிலருக்கு இரவுத் தூக்கத்தைக் கூட்ட உதவி செய்தார்கள். அதோடு குறுக்காக, சிலருக்கு வேலையிடத்திலேயே பகலில் குட்டித்தூக்கம் போட வசதி செய்தார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது, ஆனால் வேலைத்திறனிலோ சிந்தனையிலோ மாற்றம் தெரியவில்லை. பகல் குட்டித்தூக்கம் இரண்டையுமே உயர்த்தியது. இரவை மட்டும் சோதித்திருந்தால் தூக்கத்தால் பயனில்லை என்றும், பகலை மட்டும் சோதித்திருந்தால் எந்தத் தூக்கமும் பலன் தரும் என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டையும் ஒன்றாக அமைத்ததால்தான் உண்மை தெரிந்தது.

இனி மலைக்கு வருவோம். நீ உன் பள்ளியிலேயே ஓர் ஆய்வு செய்ய முடியும். கரும்பு ஆய்வை அப்படியே பிள்ளைகளிடம் செய்துவிடாதே. வீட்டுக் கடனை ஞாபகப்படுத்திவிட்டுப் பரிட்சை வைப்பது பெரியவர்களிடம் வேண்டுமானால் செய்யலாம், குழந்தைகளிடம் கூடாது. கெடுக்கிற காரணியைக் கொடுப்பதற்குப் பதில் உதவுகிற காரணியைக் கொடு. சாயங்காலம் ஒரு மணி நேரம் படிப்பு வகுப்பு. யாருக்கு இந்தப் பருவம், யாருக்கு அடுத்த பருவம் என்று சீட்டுக் குலுக்கிப் பார். அப்போது யாருக்கும் வகுப்பு இல்லாமல் போகாது, ஒப்பிடவும் ஒரு கூட்டம் கிடைக்கும். சீட்டைக் குலுக்கும்போது பெற்றோர் ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக, வெளியூர் வேலைக்குப் போன வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாகக் குலுக்கு. இப்போது உனக்கு ஒரு 2×2 இருக்கிறது. வகுப்பு உண்டு, இல்லை. பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள், இல்லை.

பார்க்க வேண்டியது இடைவினையை. பெற்றோர் ஊரில் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் மற்றவர்களைவிடக் கூடுதலாக உதவுகிறதா? உதவினால் அது வெறும் ஆய்வேட்டு முடிவு இல்லை. விளக்கும் மின்சாரமும் ஆசிரியர் நேரமும் குறைவாக இருக்கும்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்பதற்கான ஆதாரம். வகுப்புக்கு முன்பு ஒரு தேர்வு, பின்பு ஒரு தேர்வு வைத்துக்கொள். அப்போதுதான் ஒவ்வொரு பிள்ளையையும் அந்தப் பிள்ளையோடே ஒப்பிடலாம். பள்ளியில் 40 பிள்ளைகள் இருந்தால் கட்டத்துக்குப் பத்துப் பேர்தான் வருவார்கள். சராசரி வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதைவிட இடைவினையைக் கண்டுபிடிக்க அதிகம் பேர் வேண்டும். அதனால் பக்கத்துப் பள்ளி டீச்சர்களையும் சேர்த்துக்கொள். பெற்றோர் ஊரில் இல்லாதது நீ ஒதுக்கியது அல்ல, எனவே அந்தப் பக்கத்து முடிவை ஒட்டுறவாகவே எழுது. வழிகாட்டி கேட்காவிட்டாலும் எழுது.

இவ்வளவு அக்கறையாக இதை ஏன் எழுதுகிறேன் என்றால், சராசரி எண்ணை வைத்து மலை மக்களைத் தீர்ப்பிடுவது பள்ளிக்கூடத்தோடு நிற்பதில்லை. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் செம்மரக் கடத்தல்காரர்கள் என்று சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அப்போது நான் கேட்ட பேச்செல்லாம், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் போகிறார்களே, அறிவில்லையா என்பதுதான். முன்பணம் வாங்கிய வீட்டில், கடன்காரன் வாசலில் நிற்கிற நாளில், யாருடைய அறிவு எப்படி வேலை செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் எந்தக் கட்டத்தில் நின்று முடிவெடுத்தார்களோ, அந்தக் கட்டத்தில் நம்மை நிறுத்தினால் நாமும் எப்படி முடிவெடுப்போம் என்று தெரியாது.

தங்கச்சி, அந்த ஆசிரியரிடம் கோபப்படாமல் மூன்று கேள்வி கேள். இந்த மதிப்பெண் எடுத்த பிள்ளைகளில் எத்தனை பேரின் பெற்றோர் அந்த வருஷம் ஊரில் இருந்தார்கள்? அந்தப் பிள்ளைகளை மட்டும் பிரித்தால் வித்தியாசம் எவ்வளவு? அவர்களுக்குப் பாடம் எடுக்க வருஷம் முழுவதும் ஆசிரியர் இருந்தாரா? அவர் கையில் பட்டியல் இருக்கிறது அல்லவா, உட்கார்ந்து அவரோடு சேர்ந்தே பிரித்துப் பார்.

ஜவ்வாது மலையிலோ ஏலகிரியிலோ கல்வராயனிலோ பாடம் நடத்துகிற மற்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகைப் பதிவேட்டில் பெற்றோர் வெளியூர் போகிற மாதங்களையும் ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள். மதிப்பெண்ணை அதோடு சேர்த்துப் படிக்க ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், கணக்கு நான் போட்டுத் தருகிறேன்.